நாய்க்கு நட்ட கல்

திருச்சி காந்தி மார்க்கெட்டைப் பகலில் மட்டும் பார்த்தவர்கள் பாதி மார்க்கெட்டைத்தான் பார்த்தவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அங்கே போய் நிற்க வேண்டும். வெங்காய லாரி, வாழைத்தார் லாரி, கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய வேன், தலையில் சும்மாட்டோடு ஓடும் சுமைதூக்கிகள், ‘ஓரம், ஓரம்’ என்ற கூச்சல் இவ்வளவும் அப்போதுதான் உண்டு. இத்தனைக்கும் மேலே நாய்கள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு தடவை குலைக்க வேண்டும் என்பது அந்த நாய்களின் தர்மம். லாரிகளுக்கும் குறைவில்லை, நாய்களுக்கும் குறைவில்லை. ஆகவே விடியும்வரை கச்சேரி நிற்பதில்லை.

எனக்குத் தூக்கம் வராத வியாதி உண்டு. எழுத்தாளனுக்குப் பொருத்தமான வியாதி என்று நண்பர்கள் சொல்வார்கள். புரண்டு படுத்து அலுத்துப் போனால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு டீ குடிக்கப் போய்விடுவேன். அப்படிப் போன ஒரு ராத்திரியில்தான் அந்த நாயைப் பார்த்தேன். முதல் உலக யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்காக மார்க்கெட் அருகே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்களே, அந்தப் பக்கம் ஒரு சாக்கின்மேல் படுத்திருந்தது. வெள்ளை நிறம். ரோஜா நிறத்தில் மூக்கு. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். ராஜபாளையம் ஜாதி என்பது எனக்கே தெரிந்தது. சுற்றிலும் பத்து நாய்கள் தொண்டை கிழியக் குலைத்துக்கொண்டிருக்க, இது மட்டும் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஏழை உறவினரைப் போல ஒன்றும் பேசாமல் இருந்தது.

“இது ஏன் குலைக்கவில்லை?” என்று பக்கத்தில் நின்ற மண்டிக் காவலாளியைக் கேட்டேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும். பேச்சில் தெற்கத்தி வாடை.

“அது வேட்டை நாய் சார்.”

“வேட்டை நாய் குலைக்காதா?”

“பாத்து ஓடுற நாய் குலைக்காது சார். மோந்து ஓடுற நாய்தான் குலைக்கும்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் டீயை ஊதிக் குடிக்கத் தொடங்கிவிட்டார். நான் வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியத்தை விட முடியவில்லை. அப்புறம் சில மாதம் நாயையும் வேட்டையையும் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அந்தப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதைக் காவலாளி இரண்டு வரியில் முடித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

வேட்டை நாய்களில் இரண்டு பெரிய குலங்கள் உண்டு. ஒன்று, கண்ணை நம்பி ஓடுவது. நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி, வடக்கே கர்நாடகத்தின் முதோல் நாய், இன்னும் வடக்கே ராம்பூர் நாய் எல்லாம் இந்தக் குலம். வெட்டவெளிப் பொட்டல் காட்டில் முயல் எழுந்து ஓடினால் அம்பு போலப் பின்னால் பாயும். எதிரே இரை தெரிகிறது, எஜமானுக்கும் தெரிகிறது. இடையில் பேச என்ன இருக்கிறது? மூச்சை வீணாக்காமல் மௌனமாக ஓடும். ராஜபாளையமும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தோடு சேர்த்தே பேசப்படுவது. காட்டுப் பன்றிமேல் ஏவவும் வீட்டைக் காக்கவும் அதை வளர்த்தார்கள்.

மற்றொரு குலம் மூக்கை நம்பி ஓடுவது. அதற்கு இரை தெரியாது. தரையில் கிடக்கும் வாசனைதான் தெரியும். முயலோ நரியோ போய் அரை மணி ஆகியிருக்கலாம். அந்த நாய் தலையைத் தரையில் புதைத்துக்கொண்டு தடத்தைப் பிடித்துப் போகும். வேட்டைக்காரனுக்கோ அந்த வாசனையும் தெரியாது, புதருக்குள் புகுந்துவிட்ட நாயும் தெரியாது. ராத்திரியானால் தன் கையே தெரியாது. நாய்க்கு மூக்கு இருக்கிறது. மனிதனுக்குக் காது இருக்கிறது. இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு நடுவே ஒரு குரல் வேண்டியிருக்கிறது. மோந்து ஓடுகிற நாய் குலைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் குரலுக்காகவே பைத்தியமாக இருக்கிற ஜனங்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் ராத்திரி நரி வேட்டை என்று ஒன்று நடந்துவந்தது. வேட்டை என்றால் துப்பாக்கியும் குதிரையும் என்று நினைக்க வேண்டாம். நாய்களை அவிழ்த்து விட்டுவிட்டுக் குன்றின்மேல் நெருப்பு மூட்டி மனிதர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். நரி பிடிபட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி. இருட்டில் எங்கோ பள்ளத்தாக்கில் நாய்கள் எழுப்பும் ஓசையைக் கேட்பதுதான் வேட்டை. ‘இப்போது முன்னால் போவது என் நாய்’ என்று ஒருவன் சொல்வான். ‘இல்லை, என்னுடையது’ என்பான் இன்னொருவன். நம் ஊரில் ராகத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் இப்படித்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அந்த நாட்டிலேயே ரக்கூன் என்ற பிராணியைத் தடம் பிடிக்கும் நாய்களின் குரலை வரிசை வரிசையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய தடத்தில் மூக்கை வைத்ததும் நீண்ட ஒற்றைக் குரல். தடம் புதிதாக ஆக ஆக அது வெட்டி வெட்டி விழும். பிராணி மரத்தில் ஏறிவிட்டால் நாய் அடிமரத்தில் நின்று இடைவிடாமல் குறுங்குரலில் அடித்துக்கொண்டே இருக்கும். அரை மைலுக்கு அப்பால் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு கதை முழுவதையும் தெரிந்துகொள்வான். இதிலே ஒரு நீதி சாஸ்திரமும் உண்டு. தடம் இல்லாத இடத்தில் குலைக்கிற நாயை வாயாடி என்று தள்ளிவிடுவார்கள். தடம் இருந்தும் குலைக்காத நாயையும் அவர்கள் விரும்புவதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்லாமலும் இருக்கக்கூடாது. பத்திரிகைக்காரர்களுக்குக்கூட நாம் இவ்வளவு கடுமையான சட்டம் வைத்ததில்லை.

இங்கிலீஷ்காரர்கள் இந்தச் சங்கீதத்தை நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். சமவெளிச் சூட்டில் அவர்கள் நாட்டு நாய்கள் தாங்கமாட்டா. உதகமண்டலத்துக் குளிரில் நன்றாக இருந்தன. நரி கிடைக்காத குறையைக் குள்ளநரி தீர்த்தது. வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் சிவப்புக் கோட்டு, குதிரை, கொம்பு வாத்தியம், நாய்க் கூட்டம் சகிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வேட்டைக் கூத்து, இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நடந்தது. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த தோடர்கள், இத்தனை பேர் குதிரையேறி ஒரு குள்ளநரியைத் துரத்துவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி. நாய் ஏன் மனிதனுக்குச் சொல்ல வேண்டும்?

ஓநாய் நாயின் மூதாதை. வளர்ந்த ஓநாய் ஊளையிடும், குலைப்பது அபூர்வம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செந்நாய்க் கூட்டம் வேட்டையாடும்போது சீட்டி அடித்துப் பேசிக்கொள்ளும். அது செந்நாய்க்குச் செந்நாய் சொல்லும் சேதி. வீட்டு நாயிடம்தான் குலைப்பு இப்படிப் பெருகியிருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து வந்த பழக்கம் அது என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பலருடைய அபிப்பிராயம். 2005ஆம் ஆண்டில் ஹங்கேரியில் ஒரு சோதனை வெளியாயிற்று. அந்த நாட்டு மூடி என்ற மேய்ச்சல் நாய்களின் குலைப்பைப் பல சந்தர்ப்பங்களில் பதிவு செய்து ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியனைக் கண்ட குலைப்பா, தனியே கட்டிப்போட்டதற்கான குலைப்பா, விளையாட்டா என்று கேட்டார்கள். நாய் வளர்த்தவர்கள், வளர்க்காதவர்கள் இருவருமே குருட்டு அதிர்ஷ்டத்தில் வரக்கூடியதைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னார்களாம். அதாவது அந்தப் பாஷை ஓரளவு நமக்கும் தெரியும். நமக்குச் சொல்லப்படுவதால்தான் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

நம்முடைய பெரியவர்களுக்கு இது ஹங்கேரியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. பாரதத்தில் ஏகலைவனைக் காட்டிக்கொடுத்தது எது? பாண்டவர்களோடு வேட்டைக்குப் போன ஒரு நாய். வனத்தில் தனியே வில் பழகிக்கொண்டிருந்தவனைக் கண்டு அது குலைத்தது. அவன் அதன் வாயை ஏழு அம்புகளால் அடைத்தான். குரல் அடைபட்ட நாய் திரும்பி ஓடி, அந்த அடைபட்ட வாயினாலேயே சேதியைச் சொல்லிவிட்டது. ஒரு கட்டைவிரல் போயிற்று. குலைத்தாலும் சேதி, குலைக்காவிட்டாலும் சேதி. வேட்டை நாயின் வாய்க்கு அவ்வளவு வலிமை.

தமிழில் பத்துப்பாட்டைப் புரட்டினாலே நாய்கள் ஓடிவரும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நாய்களோடு புதர்களை அடித்துக் கலைத்து, வலைகட்டி முயல் பிடிக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனத்துப் பெண்களை வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன, பெண்கள் நடுங்குகிறார்கள், நாய்க்குரியவன் வந்து சேருகிறான். அப்புறம் கதை நடக்க வேண்டிய வழியில் நடக்கிறது. கபிலர் அந்த நாய்களை விட்டிராவிட்டால் காதலே இல்லை. ஆனால் இந்தப் பாட்டுகளிலெல்லாம் நாய் உண்டே ஒழிய, நாய்க்குப் பெயர் கிடையாது. ஞமலி என்பார்கள், ஞாளி என்பார்கள். அவை ஜாதிப் பெயர்.

பெயர் வைப்பது சாமானிய விஷயம் இல்லை. கிரேக்க தேசத்து ஜெனொபன், கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு வருஷத்துக்கு முந்தியவர், வேட்டை நாயைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். கூப்பிடுவதற்குச் சுலபமாகச் சின்னப் பெயராக வை என்று யோசனை சொல்லி, 47 பெயர்களை அடுக்கிக் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் நரிவேட்டைப் பிரியர். தம்முடைய நாய்களில் ஒன்றுக்கு ‘சங்கீதம்’ என்றே பொருள்படப் பெயர் வைத்திருந்தார். நாய் மனிதனுக்குக் குரல் கொடுக்கிறது. மனிதன் பதிலுக்கு அதற்குப் பெயர் கொடுக்கிறான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நாய்தான் நஷ்டப்பட்டது என்றாலும், பெயர் ஒன்றுமில்லாத வஸ்து அல்ல.

நம் நாட்டில் அப்படிப் பெயர் பெற்ற இரண்டு நாய்களைக் கல்லில் கண்டிருக்கிறார்கள்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க ஏறுகிற வழியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவபெருமானின் சிற்பத்தை அங்கே பார்க்கலாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. சித்திரம், சங்கீதம், நாடகம் எல்லாவற்றிலும் கைவைத்த ராஜா அவன். அவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், வடக்கே செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற சிற்றூரில் ஒரு நடுகல் நாட்டினார்கள். வட்டெழுத்தில் எழுதியது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொல்பொருள் துறையின் சார்பில் ரா. நாகசாமி 1972இல் தொகுத்து வெளியிட்டார்.

எடுத்தனூர்க் கல்லில் இருப்பவன் கருந்தேவக்கத்தி என்ற வீரன். எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் பட்டுப்போனவன். அவனுக்குக் கல் நட்டது ஆச்சரியமில்லை. அவன் பின்னால் ஒரு நாயையும் செதுக்கி, அதற்குத் தனியே எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்து எஜமானுக்குக் காவல் நின்றது என்று சேதி. திருச்சி மலையில் குகை குடைந்த உளிகளின் காலத்திலேயே அங்கே ஓர் ஏழை உளி ஒரு நாயின் பெயரைக் கொத்தியிருக்கிறது. மலைக்கோட்டையில் ராஜாவின் விருதுகள் வடமொழியில் இருக்கின்றன. கோவிவன் தமிழில் இருக்கிறான்.

இரண்டாவது கல் கர்நாடகத்தில், மண்டியா ஜில்லா ஆதகூரில் இருந்தது. இப்போது பெங்களூர் அரசாங்க மியூசியத்தில் இருக்கிறது. இந்தக் கல்லைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தக்கோலம் யுத்தம் நமக்குத் தெரிந்ததுதான். 949ஆம் ஆண்டில் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில், முதற் பராந்தகனுடைய மகன் ராஜாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்தான். கிருஷ்ணன் பக்கம் அவன் மைத்துனன், கங்க மன்னன் பூதுகன் நின்றான். ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். சோழர் கொடி தாழ்ந்தது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வரும்வரை சோழர் வீடு பழைய நிலைக்கு முழுவதும் திரும்பவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு உண்டு. அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த மகனைத்தான் நான் நினைப்பது வழக்கம்.

அந்த மகனுடைய சாவை ஆதகூர்க் கல் சொல்கிறது. ஆனால் கல் நட்டது அதற்காக இல்லை, ஒரு நாய்க்காக! பூதுகனுடைய ஆட்களில் மணலேரன் என்று ஒரு வீரன். தக்கோலத்தில் நன்றாகச் சண்டை போட்டான். எஜமான் மகிழ்ந்து, என்ன வேண்டும், கேள் என்றான். பொன் கேட்கவில்லை, யானை கேட்கவில்லை. ‘காளியைக் கொடு’ என்றான். காளி என்பது பூதுகனுடைய வேட்டை நாய். அதை வாங்கிப் போனவன் ஒரு குன்றின் பக்கம் பெரிய பன்றியின்மேல் ஏவினான். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று ஒரே இடத்தில் விழுந்தன. மணலேரன் ஆதகூர்ச் சிவன் கோயில் முன்னால் கல் நட்டு, இரண்டும் மோதுவதைச் செதுக்கி, நிலமும் மானியம் விட்டான்.

எங்கள் இளவரசனுடைய மரணம் ஒரு நாயின் கதைக்கு முன்னுரையாகப் போய்விட்டதே என்பதுதான் என் கோபம். ஆனால் கல்லின் கடைசிப் பகுதியைப் படித்ததும் கோபம் போய்விட்டது. வேறொன்று வந்தது. அந்த மானிய நிலத்தை அழிப்பவனை நாய் செய்த பாவம் சேரும் என்கிறது கல். நிலத்தை நிர்வகிக்கிற பூசாரி இந்தக் கல்லைப் பூஜிக்காமல் சாப்பிட்டால் அவனுக்கும் அந்தப் பாவமே.

நாய் என்ன பாவம் செய்தது? கொன்றது. யாருக்காகக் கொன்றது? இந்தக் கேள்வியில் என் கை நின்றுவிட்டது. முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமன் ஊர் மணப்பாறைக்குத் தெற்கே. செம்மண் பூமி, மானாவாரிக் கடலை. மாமாவிடம் செவலை என்று ஒரு நாய் இருந்தது. ஜாதி நாய் ஒன்றும் இல்லை. குட்டைக் கால் நாட்டு நாய்தான். ஆனால் மூக்கு அப்படி. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, பள்ளிக்கூட லீவில், முயல் வேட்டைக்கு என்னையும் கூட்டிப்போனார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊருக்குச் சட்டம் தெரியாது. தெரிந்த ஒருவர் இருவரும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கடலை பறித்த காட்டில், நிலா இல்லாத ராத்திரியில், வரப்பின்மேல் உட்கார்ந்தோம். செவலை இருட்டுக்குள் போய்விட்டது. மாமா ஒரு கையைக் காதில் குவித்துக்கொண்டு எனக்கு வியாக்கியானம் சொன்னார். “மோந்து பாக்குறா மாப்ளே... இது பழைய தடம், அவளுக்கே நம்பிக்கை இல்லை... இந்தா, இப்ப புதுசு... வளைஞ்சிருச்சு பாரு, முள்வேலிப் பக்கம் வளைஞ்சிருச்சு.” எனக்கு அதுவரை நாய் குலைப்பது நாய் குலைப்பதாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அரை மணி நேரத்தில் அது பேச்சாக மாறிவிட்டது.

திடீரென்று குரல் பூமிக்குள்ளிருந்து வந்தது.

மாமா எழுந்து ஓடினார். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. படியும் இல்லை. அடியில் தண்ணீர். பாட்டரி விளக்கை அடித்தால் செவலையின் கண் இரண்டு மட்டும் தெரிந்தது. “கயிறும் ஆளும் வேணும். ஊருக்குள்ள ஓடு மாப்ளே” என்றார். விளக்கை அவர் வைத்துக்கொண்டார். நான் ஓடினேன்.

ஊருக்குப் போகிற பாதை சுடுகாட்டை ஒட்டிப் போகும். அந்தத் திருப்பத்தில் என் கால் நின்றுவிட்டது. முன்னால் போகப் பயம். திரும்பிப் போனால் மாமா கேட்பார். ஒரு வேலா மரத்தடியில் நின்றுவிட்டேன். பின்னால் மாமா “செவலே!” என்று கூப்பிடுவது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து பதில் கேட்டது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி பதில். எத்தனை தடவை என்று தெரியாது. பதிலுக்கு நேரமாக ஆரம்பித்தது. பிறகு மாமாவின் குரல் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய் ஆட்களை எழுப்பினேன்.

“தூக்கத்திலே எழுந்து வர நேரமாயிருச்சு போல” என்று மாமா அவர்களைத்தான் குறை சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கிணற்றுமேட்டில் அவளைப் புதைத்து, வயலில் கிடந்த ஒரு கருங்கல்லை நட்டார். அதில் எழுத்து இல்லை. அதற்குப் பிறகு அவர் வேட்டைக்குப் போகவில்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இதைப் படிக்க அவர் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வேட்டை நாயின் குரலைப் பற்றி எவ்வளவோ அழகாக எழுதியிருக்கிறார்கள். அந்த அழகு பொய் இல்லை. வரப்பில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஆனால் அது வெறும் சங்கீதம் அல்ல. ‘நான் இங்கே இருக்கிறேன், நீ வா’ என்று அர்த்தம். வேட்டைக்கு வா என்றாலும் அதுதான், கிணற்றடிக்கு வா என்றாலும் அதுதான். அந்தக் குரலைக் கற்றுக்கொண்டவன் அதற்குக் கடன்பட்டவன். காளியின் பாவம் யாருக்குச் சேரும் என்று எழுதிய மணலேரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏவியவன் அவன்தானே!

வேட்டை சட்டப்படி நின்றுபோனது நல்லதுதான். முயலுக்கும் உயிர் வெல்லம். ஆனால் வேலை போன நாய்களின் கதி வேறு கதை. சிப்பிப்பாறையும் கோம்பையும் கன்னியும் அருகிப்போகின்றன என்ற கவலை பிறந்து, 1980ஐ ஒட்டி அரசாங்கமே சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்க நிலையம் ஏற்படுத்தியது. 2005இல் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம் பெற்றது. இப்போது ஊர்ப் பெருமைக்காக வாங்குகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பெருமை சில சமயம் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். ஓடப் பிறந்த நாயை மாடிப்படிக்குக் கீழே கட்டி வைத்தால் அது சும்மா இருக்குமா? ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து எங்காவது இறக்கிவிடுகிறார்கள். மார்க்கெட் வெள்ளை நாயும் அப்படி வந்ததுதான்.

சென்ற வாரம் மறுபடி போயிருந்தேன். காவலாளி பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நாய் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அவர் கூப்பிட்டார்: “ராஜா!” அது அசையவில்லை. அவர் எழுந்து போய்க் காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். உடனே தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது.

“காது கேக்காது சார். இந்த வெள்ளை ஜாதியிலே குட்டியிலேயே சிலதுக்கு அப்படித்தான். தெரிஞ்சதும் கொண்டாந்து விட்டுட்டானுங்க” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அதன் மௌனத்துக்கு அன்று அவர் சொன்ன காரணம் பாதிதான். சுற்றிலும் அத்தனை லாரி, அத்தனை குலைப்பு. அதற்கு ஒன்றுமே கேட்கவில்லை.

“காது கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு?” என்றேன்.

“அதுக்கு வேணாம் சார். நான் கூப்பிடணும்ல?” என்று சொல்லிவிட்டுப் பன்னை அதன் வாயில் வைத்தார்.

கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. மலைக்கோட்டைப் பாறை மெள்ள உருவம் கொண்டது. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த மாதம் மணப்பாறைப் பக்கம் போவதாக இருக்கிறேன். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள் என்று கேள்வி. கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.